நிலத்திலை வைச்ச பூ

உங்கடை பேஸ்மென்றிலை கேட்ட சத்தம் பேயும் இல்லை பிசாசும் இல்லை அண்ணை, சூட்டுக் காத்துப் போற டக்ற் தகரம் விரியேக்கை வாற சத்தம், இறுக்கி விட்டிருக்கிறன், இனிக் கேக்காது, அக்காவைப் பயப்பிடாமல் கீழை போய் உடுப்புத் தோய்க்கச் சொல்லுங்கோ. நான் உதுகளை நம்புற ஆள் இல்லை, அதை முதலே சொல்லிப்போடவேணும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலையிருந்து வீடு சூடாக்கிற ஃபேர்ணஸ் திருத்துறன், மார்க்கம் பக்கமிருந்து ரெக்ஸ்டேல் பக்கம் வரைக்கும் நான் இறங்காத பேஸ்மென்ற் இல்லை, ஆள் செத்துக் கிடந்து மணந்த பிறகு பிரேதம் எடுத்த வீடுகளிலையும் தனிய நிண்டு வேலை செய்திருக்கிறன். எலி கண்டிருக்கிறன், ரக்கூன் கண்டிருக்கிறன், மனுசிக்கு ஒளிச்சு ஃபேர்ணசுக்குப் பின்னாலை நிண்டு சிகரெட் பத்தின ஒரு வாத்தியாரைக் கூடக் கண்டிருக்கிறன், பேயை மட்டும் ஒரு நாளும் காணேல்லை. ஆராவது செய்வினை சூனியம் எண்டு துவங்கினால் எனக்கு விசர் வரும், எழும்பிப் போயிடுவன்.

ஆனால் நீங்கள் பகிடியாய்க் கேட்டியள், நீர் ஒண்டுக்கும் பயப்பிட்டதே இல்லையோ எண்டு. ஒருக்காப் பயந்தனான். மெய்யைச் சொன்னால் இப்பவும் பயந்துகொண்டுதான் இருக்கிறன். சொல்லுறன், சிரிக்கிறதெண்டால் முடிஞ்ச பிறகு சிரியுங்கோ. காதிலை பூச்சுத்துறான் எண்டு நினைப்பியள், கதையும் ஒரு பூவிலைதான் நிக்குது, நான் என்ன செய்ய.

என்ரை மூத்தவள் அபி, கலியாணம் முடிச்சுக் கன வருசம் பிள்ளை இல்லாமல் இருந்தவள். அது உங்களுக்கும் தெரியும் ஊருக்கும் தெரியும், ஒரு விசேசத்துக்குப் போனால் சனம் சாப்பிட்டியோ எண்டு கேக்கிறதுக்கு முதல் அதைத்தான் கேக்கும், அதாலையே அவள் ஒரு இடமும் போறதை விட்டவள். ஊசி, மருந்து, ஒருக்காத் தங்கி அழிஞ்சும் போச்சு. அதுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரிச்சு நாங்கள் காணேல்லை. என்ரை மனுசி வெள்ளிக்கு வெள்ளி விரதம், ரொறன்ரோவிலை உள்ள கோயில் ஒண்டும் மிச்சமில்லை. பேந்து கடவுளே எண்டு திரும்ப ஒண்டு தங்கிச்சுது. ஏழாம் மாதம் வரும்வரைக்கும் வீட்டிலை ஒருத்தரும் பலத்துக் கதைக்கேல்லை. அவள் தும்மினால் மனுசி குசினியிலையிருந்து ஓடி வருவா. நான் வெளியிலை ஒண்டும் காட்டுறேல்லை, ஆனால் வேலைக்குப் போன இடத்திலை போன் அடிச்சால் மூச்சை ஒருக்கா இழுத்துப் பிடிச்சுப்போட்டுத்தான் எடுப்பன். அந்தப் பிள்ளை சுகமாய்ப் பிறக்கவேணும், அதைவிட எனக்கு வேறை ஒண்டும் தேவையில்லை எண்ட நிலைமையிலை இருந்தனான்.

போன விண்டர், பெப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அபி வீட்டுக்குள்ளையே இருந்து இருந்து களைச்சுப்போனாள். அவளும் மருமகனும் கலியாணம் முடிச்ச கையோடை பாலித் தீவுக்குப் போய் வந்தவை, அங்கத்தை மரவேலை எண்டால் அவளுக்கு உயிர். இஞ்சை மேற்குப் பக்கம் ஒரு பழைய பக்ரறிக் கட்டிடத்திலை பாலி மரச் சிற்பங்களை வைச்சு விக்கிறதுக்கெண்டே ஒரு கலரி இருக்குதாம், போய்ப் பார்ப்பம் அப்பா எண்டு நிண்டாள். மருமகனுக்கு அண்டைக்கு மிசிசாகாவிலை எயார்போட் வேலை. மனுசி, ஸ்நோவுக்கை பிள்ளைத்தாச்சியைக் கொண்டு திரியிறதோ எண்டு பேசினா. அபி யன்னலுக்கு வெளியாலை பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைச்சாள். அதைக் கண்டோண்ணை நான் கார்த் திறப்பை எடுத்திட்டன்.

கலரி ரெண்டாம் மாடியிலை. படி ஏறேக்கை நான் ஒரு பக்கம் மனுசி மற்றப் பக்கம் பிடிச்சுக்கொண்டு போறம், அவள் "அப்பா, ஐ ஆம் நொட் எ ஃபிரிட்ஜ்" எண்டு சிரிச்சாள். கன காலத்துக்குப் பிறகு அவள் சிரிச்சதைப் பார்த்து எனக்கு வந்தது நல்லதாய்ப் போச்சு எண்டு இருந்தது.

உள்ளுக்கை போனால், நம்பினால் நம்புங்கோ நம்பாட்டி விடுங்கோ, எங்கடை சாமியள் எல்லாரும் நிக்கினம். கருடனுக்கு மேலை விஷ்ணு, ராமர் சீதை, வீணையோடை சரஸ்வதி. ஆனால் முகம் வேறை முகம், கண் வேறை கண், எங்கடை கோயில் ஐயர் திடீரெண்டு கோட்டுச் சூட்டோடை முன்னாலை வந்து நிண்டால் எப்பிடியிருக்கும், அப்பிடி. ஒரே கட்டையிலை குடைஞ்சு இலையும் கொடியும், இலையிலை நரம்பு கூடத் தெரியுது. ஊதுபத்தி வாசம் வேறை. மனுசி ஒருத்தரும் சொல்லாமலே வாசலிலை பூட்ஸைக் கழட்டி வைச்சிட்டா. நான், இது கோயில் இல்லையப்பா விக்கிற இடம் எண்டு பகிடி பண்ணினன், அவ என்னைப் பார்த்த பார்வையிலை நானும் கழட்டிப்போட்டன்.

கலரியை நடத்திறவ ஒரு பாலிக்காரி, நியோமான் எண்டு பேர், எங்கடை வயசு இருக்கும். நல்ல மரியாதையான பொம்பிளை. அபியின்ரை வயித்தைக் கண்டோண்ணை கதிரை ஒண்டு கொண்டுவந்து போட்டா, தேத்தண்ணி தந்தா. அபி பாலிக்குப் போன கதையைச் சொல்ல அவவுக்குச் சந்தோசம், ஒவ்வொண்டாய்க் காட்டி விளங்கப்படுத்தினா. கடைசியிலை பின்னறை ஒண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கை சுவரிலை தனிய ஒரு முகமூடி. வெளியிலை பிதுங்கின கண், வளைஞ்ச பல்லு, நெஞ்சு மட்டும் தொங்கிற நாக்கு, தலைமயிர் சுவரிலையிருந்து நிலம் மட்டும் வந்து குவிஞ்சு கிடக்குது. இது விக்கிறதுக்கில்லை எண்டா. பாலியிலை ஒரு சாதி மரம் இருக்குதாம், சிலவேளை அந்த மரத்திலை ஒரு இடம் வயிறு மாதிரிப் பொம்மி வருமாம், அப்பிடி வந்தால் மரம் பிள்ளைத்தாச்சி எண்டு சொல்லுவினமாம். நாள் பார்த்து, மரத்திட்டை உத்தரவு கேட்டு, மரம் சாகாமல் அந்த வயித்தை மட்டும் வெட்டி எடுத்துத்தான் இப்பிடி முகமூடி செய்யிறதாம். அபி தன்ரை வயித்திலை கையை வைச்சாள். எனக்கு அந்தக் கதை பிடிக்கேல்லை, வயித்திலை பிள்ளையோடை நிக்கிறவளுக்கு உதையோ சொல்லுறது எண்டு மனதுக்குள்ளை ஏசினன்.

அந்த நேரம் முன்பக்கம் வேறை ஆரோ வந்து மணி அடிக்க நியோமான் அங்காலை போயிட்டா. நாங்கள் மூண்டு பேரும் அந்த முகத்துக்கு முன்னாலை நிக்கிறம். மனுசி உடனை, இது எங்கடை காளியம்மன் எல்லோ எண்டு கையைக் கூப்பிப்போட்டா. பல்லையும் நாக்கையும் கண்டால் வேறை ஆக்கள் பயந்து ஓடுவினம், எங்கடை சனம் அம்மாளாச்சி எண்டு கும்பிடும், நாங்கள் அப்பிடித்தானே. கீழை நிலத்திலை, அந்தத் தலைமயிருக்குப் பக்கத்திலை, பச்சை ஓலையிலை பின்னின ஒரு சின்னத் தட்டு. அதுக்குள்ளை நாலைஞ்சு நிறத்திலை பூ, ஒரு நுள்ளுச் சோறு, ஒரு பிஸ்கற், புகைஞ்சுகொண்டு ஒரு ஊதுபத்தி. மனுசி, பாவம், பீடம் இல்லாமல் நிலத்திலை வைச்சிருக்கினம் எண்டு கவலைப்பட்டா. பேந்து, அம்மாளின்ரை பூ ஒண்டை எடுத்துப் பிள்ளைக்குக் குடுங்கோ எண்டா.

சாமிக்கு முன்னாலை பூவைக் கண்டால் எங்கடை கை சும்மா இருக்காது, உங்களுக்குத் தெரியும்தானே. ஐயர் தராட்டிலும் நாங்களே எடுத்துக் கண்ணிலை ஒத்திப்போட்டு வைப்பம், அதைக் களவெண்டு எங்களிலை ஒருத்தரும் நினைக்கிறேல்லை. அபியாலை குனிய ஏலாது. நான்தான் குனிஞ்சு அந்தத் தட்டிலையிருந்து ஒரு சிவப்புப் பூவை எடுத்தன். அவள் அதைக் கண்ணிலை ஒத்திக் கொண்டைக்குள்ளை செருகினாள். முகம் வடிவாய் மலர்ந்துபோய் இருந்தது. வெளிக்கிடேக்கை பிள்ளையின்ரை அறைக்கெண்டு ஒரு மரப் பறவையைப் பார்த்து வைச்சு, யோசிச்சுச் சொல்லுறன் எண்டு நியோமானிட்டைத் தன்ரை போன் நம்பரையும் குடுத்திட்டு வந்தாள்.

காரிலை கொஞ்சத் தூரம் போயிருக்கமாட்டம். கண்ணாடியிலை பார்த்தன், அபி வயித்தை ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாள். என்ன பிள்ளை எண்டு கேட்டன். "அப்பா, பேபி மூவ் பண்ணேல்லை" எண்டாள். எப்பவிலையிருந்து எண்டு கேக்க, அந்த அறையிலையிருந்து வெளிக்கிட்ட பிறகு ஒண்டுமே தெரியேல்லையாம். மனுசி சும்மா இரு, படுத்திருப்பான் எண்டா. வழியிலை ஒரு கடையிலை நிப்பாட்டி மாம்பழ யூஸ் வாங்கிக் குடுத்தம், இனிப்பு உள்ளுக்கை போனால் அவன் உதைக்கிற உதையிலை சட்டை எழும்பும். குடிச்சாள், இடப்பக்கம் சரிஞ்சு படுத்தாள், மனுசி வயித்திலை கையை வைச்சுக்கொண்டு கந்தா முருகா எண்டு சொல்லிக்கொண்டே இருந்தா. ஒண்டும் இல்லை. காரைத் திருப்பி, வந்த வழியிலை கண்ட ஆஸ்பத்திரிக்கு ஓடினன். என்னெண்டு ஓடினன் எண்டு கேட்டால் சொல்லத் தெரியாது, சிவப்பு லைற் ஒண்டும் கண்ணிலை படேல்லை.

அங்கை கெதியாய்த்தான் எடுத்தவை, குறை சொல்லக்கூடாது. உடுப்பு மாத்தேக்கை அபி கொண்டையிலை இருந்த பூவை எடுத்துத் தாயிட்டைக் குடுத்தாள், தாய் அதை ரிசுப் பேப்பரிலை சுத்தி அவளின்ரை கைப்பைக்குள்ளை வைச்சுப் பையை என்னட்டைத் தந்திட்டா. உள்ளுக்கை ஒருத்தர்தான் நிக்கலாம் எண்டு மனுசியை விட்டவை. நான் வெளியிலை கதிரையிலை. கொஞ்ச நேரத்தாலை மனுசி கதவைத் திறந்து தலையை நீட்டினா, முகத்திலை ரத்தமே இல்லை. நேர்ஸ் கையிலை வைச்சுப் பார்க்கிற மெசினிலை பிள்ளையின்ரை இதயத் துடிப்புக் கேக்கேல்லையாம், ஸ்கான் பண்ண டொக்டரைக் கூப்பிட்டிருக்கினமாம், ஆள் வரவேணுமாம். திரும்பவுமோ, இவளுக்குத் திரும்பவுமோ எண்டதைத் தவிர வேறை ஒண்டும் யோசிக்க ஏலேல்லை.

அப்பதான் பைக்குள்ளை அபியின்ரை போன் அடிச்சது. மருமகனாக்கும் எண்டு எடுத்தன். நியோமான். குரல் அவசரமாய் இருந்தது. கலரியைப் பூட்டிப்போட்டு வீட்டை போய்க்கொண்டிருக்கிறாவாம், பூட்டேக்கைதான் கண்டவவாம், கீழை வைச்ச தட்டிலை சிவப்புப் பூ இல்லை, நீங்கள் எடுத்தனீங்களோ எண்டு கேட்டா. நான், ஓம், பிரசாதமெண்டு எடுத்தனான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டன். பேந்து அவ ஆறுதலாய்ச் சொன்னா, எங்களிலை சாமிக்கு எண்டால் உயரத்திலை வைப்பம், நிலத்திலை வைக்கிறது சாமிக்கில்லை, கீழை இருக்கிற ஆக்களுக்கு, அவை அதைத் திண்டுபோட்டு ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காமல் இருக்கட்டும் எண்டு வைக்கிறது. அவை எண்ணிப் பார்ப்பினம் எண்டா. பயப்பிடாதேங்கோ, நாளைக்குக் காலமை கொண்டுவந்து தாங்கோ, நான் வைச்சு விடுறன் எண்டா. மகள் எப்பிடி எண்டும் கேட்டா. நான் போனை வைச்சிட்டன்.

மனுசி வாசலிலை நிண்டு எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா. நான், உதெல்லாம் சும்மா கதை எண்டு சொல்ல வாயைத் திறந்தன். அவ விடேல்லை. "நீங்கள் இஞ்சை குந்தியிருந்து என்ன செய்யப்போறியள்? எடுத்த கையாலை கொண்டுபோய் வைச்சிட்டு வாங்கோ" எண்டா. அவ எனக்கு அப்பிடிக் கட்டளை போட்டது அதுதான் முதல் தரம். நான் நம்பிப் போகேல்லை, மனுசி சொன்னா எண்டு போனன், இண்டைக்கும் அப்பிடித்தான் சொல்லுவன்.

பின்னேரம்தான், ஆனால் பெப்ரவரி இருட்டுத் தெரியும்தானே, லைற்றெல்லாம் எரியத் துவங்கிட்டுது. ஸ்நோ வேறை பறக்குது. ஒரு கையிலை ஸ்ரியரிங், மற்றக் கையிலை அந்த ரிசு. பூ வாடியிருக்கவேணும், இவ்வளவு குளிருக்கையும் சூட்டுக்கையும் திரிஞ்ச பூ. விரிச்சுப் பார்த்தன், இப்பதான் ஆய்ஞ்ச மாதிரி ஈரமாய் இருந்தது. பேந்து நான் அதைப் பார்க்கேல்லை.

கட்டிடத்தின்ரை கீழ்க் கதவாலை ஒரு பொடியன் பெரிய படம் ஒண்டைத் தூக்கிக்கொண்டு வெளியிலை வந்தான், அவன் பிடிச்சு விட நான் உள்ளுக்கை போனன். மேலை போய்த் தட்டிப் பார்ப்பம், ஒருத்தரும் இல்லாட்டிக் கதவடியிலை வைச்சிட்டு வருவம் எண்டதுதான் என்ரை எண்ணம். கலரிக் கதவிலை கையை வைச்சன், திறந்திட்டுது. நியோமான் பூட்ட மறந்திட்டா எண்டு நினைச்சன். உள்ளுக்கை லைற் இல்லை, தெரு வெளிச்சம் யன்னலாலை வந்து சிலையளிலை அரையும் குறையுமாய்ப் படுது, மத்தியானம் பார்த்த முகங்கள் ஒண்டும் அந்த முகங்களாய் இல்லை. பூட்ஸைக் கழட்டேல்லை, கழட்டியிருக்கவேணும் எண்டு பேந்து நினைச்சன்.

அண்ணை, என்ரை தொழிலே சூடுதான். ஒரு அறைக்குள்ளை கால் வைச்சால் சூடு எங்கையிருந்து வருகுது எண்டு சொல்லுவன். அங்கை ஹீற்றர் ஓடேல்லை, குழாய்ச் சத்தம் இல்லை, நான் தொட்டும் பார்த்தன், இரும்பு பச்சைத் தண்ணி மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. ஆனால் பின்னறைக்குக் கிட்டக் கிட்டப் போக வெக்கை. உலர்ந்த வெக்கை இல்லை, தலை முழுகிப்போட்டுத் துடைக்காமல் ஒரு ஆள் பக்கத்திலை வந்து நிண்டால் ஒரு ஈரச் சூடு அடிக்குமே, அது. எனக்கு முதுகு வேர்த்து ஊத்துது, கை மட்டும் விறைச்சுப்போச்சு.

பின்னறையிலை ஊதுபத்தி நுனி மட்டும் சிவப்பாய்த் தெரிஞ்சது. இவ்வளவு நேரத்துக்கு அது எரிஞ்சு முடிஞ்சிருக்கவேணும், புதுசாய் ஆரும் கொளுத்தினவையோ தெரியாது. முகமூடிக்குக் கீழை, மயிர் குவிஞ்சு கிடந்த இடத்திலை, ஒரு ஆள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்கிற மாதிரி இருந்தது. அது மயிர்தானோ, ஆள்தானோ, எனக்கு இண்டைக்கும் சொல்லத் தெரியாது. நியோமானின்ரை தாயாக்கும், கிழவியை விட்டிட்டுப் போயிட்டா எண்டு என்னை நானே தேற்றினன். இங்கிலிசிலை, சொறி, பிழையாய் எடுத்திட்டம், கொண்டுவந்திருக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு குனிஞ்சு தட்டுக்குள்ளை பூவை வைச்சன்.

"வைச்சிட்டியோ?" எண்டு கேட்டது.

ஓம், வைச்சிட்டன் எண்டன். நிமிர்ந்தன். மனமெல்லாம் ஆஸ்பத்திரியிலை, அந்தக் கதவுக்குப் பின்னாலை என்ரை பிள்ளை என்ன பாடுபடுகுதோ எண்ட நினைப்பிலை, நான் நிக்கிற இடமே மறந்துபோச்சு. திரும்பேக்கை வாய் தன்ரை பாட்டிலை சொல்லிச்சுது, "அப்ப நான் போட்டு வாறன்" எண்டு. நாங்கள் சொல்லுறதுதானே. கலியாண வீடெண்டாலும் கடையெண்டாலும் வெளிக்கிடேக்கை போறன் எண்டு சொல்லமாட்டம், போட்டு வாறன் எண்டுதான் சொல்லுவம், திரும்பி வாற எண்ணம் ஒருத்தருக்கும் இல்லை, கேக்கிறவையும் ஓம், போட்டு வாங்கோ எண்டு சொல்லி விட்டிடுவினம்.

"எப்ப?" எண்டு கேட்டது.

ஆயிரம் தரம் சொல்லியிருப்பன் அண்ணை, என்ரை சீவியத்திலை ஒருத்தரும் என்னை அப்பிடிக் கேட்டதில்லை. என்ரை வாயிலை ஏதோ வந்தது, அதைச் சொல்லிப்போட்டு வெளியிலை வந்திட்டன். என்ன சொன்னன் எண்டதைப் பேந்து சொல்லுறன்.

படியாலை இறங்கேக்கை போன் அடிச்சது, மனுசி. அழுகிறா, கதை வருகுதில்லை. பேந்துதான் விளங்கிச்சுது அது வேறை அழுகை. டொக்டர் வந்து ஸ்கானை வைக்கிறாராம், பிள்ளை படீரெண்டு உதைச்சதாம், அபியே கத்திப்போட்டாளாம். துடிப்பு நல்ல பலமாய் இருக்குதாம். பிள்ளை மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான், அதாலை மெசினுக்குப் பிடிபடேல்லை, இது நடக்கிறதுதான் எண்டு டொக்டர் சொன்னவராம். நான் அந்தக் கட்டிட வாசல் படியிலை, ஸ்நோவுக்கை, அப்பிடியே குந்திட்டன். அழுதன், வெக்கமில்லை சொல்லுறதுக்கு. டொக்டர் சொன்னதைத்தான் நானும் நம்பினன், இப்பவும் நம்பத்தான் பார்க்கிறன்.

திரும்பிக் கார் ஓடேக்கைதான், ஒரு சிவப்பு லைற்றிலை நிக்கேக்கை, எனக்கு உறைச்சுது. அங்கை இருந்த ஆள் என்னோடை தமிழிலை கதைச்சது. பாலிக்காரி கடையிலை ஆர் தமிழ் கதைக்கிறது? அதுவும் எங்கடை பக்கத்துத் தமிழ். பின்னாலை நிண்டவன் ஹோர்ண் அடிச்ச பிறகுதான் காரை எடுத்தன்.

அடுத்த நாள் காலமை நியோமான் போன் எடுத்தா. பூ தட்டிலை இருக்குது, நீங்கள் எப்பிடி உள்ளுக்கை வந்தனீங்கள் எண்டு கேட்டா. கதவு திறந்து கிடந்தது எண்டன். தான் பூட்டி அலாரமும் போட்டதாம், காலமை வரேக்கை பூட்டு அப்பிடியே இருந்ததாம், அலாரமும் அடிக்கேல்லையாம். உங்கடை அம்மா இருந்தவ எல்லோ எண்டு கேட்டன். தாய் செத்துக் கன காலம், இஞ்சை தனக்கு ஒருத்தரும் இல்லை எண்டா. பேந்து, உங்களோடை ஆரும் கதைச்சவையோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். ஒண்டும் கேக்கேல்லைத்தானே எண்டு திரும்பவும் கேட்டா. இல்லை, ஒண்டும் கேக்கேல்லை எண்டன். நல்லது எண்டு சொல்லி வைச்சிட்டா.

ஏப்ரலிலை பொடியன் பிறந்தான். நீங்கள் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வந்து பார்த்தனீங்கள்தானே, ஒரு குறையும் இல்லை, குண்டுப் பொடியன், நல்லாய்ச் சாப்பிடுறான், நல்லாய்ச் சிரிக்கிறான், அவனிலை ஒரு பிழையும் தேடாதேங்கோ, நான் தேடித் தேடிப் பார்த்திட்டன், இல்லை. அபி இப்ப பாட்டுப் பாடிக்கொண்டு திரியிறாள். வீடு வீடாய் இருக்குது.

எப்ப எண்டு கேக்க நான் என்ன சொன்னன் எண்டுதானே பார்த்துக்கொண்டிருக்கிறியள். மனுசிக்கும் சொல்லேல்லை, அபிக்கும் சொல்லேல்லை, உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன். எங்கடை சனம் விருந்துக்குக் கூப்பிட்டால், நேரமில்லாட்டி, முகம் முறியாமல் ஒரு மறுமொழி சொல்லுமே, அப்பிடித்தான் வந்தது, நான் யோசிச்சுச் சொல்லேல்லை. "பிள்ளை பிறந்து நடக்கத் துவங்கட்டும், அவனையும் கூட்டிக்கொண்டு வாறன்" எண்டு சொன்னன். அது ஓம் எண்டது.

போன கிழமை பொடியன் சோபாவைப் பிடிச்சு எழும்பி, கையை விட்டிட்டுத் தனிய நிண்டவன். எல்லாரும் கை தட்டினவை, மருமகன் வீடியோ எடுத்தவர். அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டு ஒரு காலைத் தூக்கினான், நான் ஓடிப்போய்த் தூக்கிட்டன். அண்டையிலையிருந்து வீட்டிலை நிக்கிற நேரம் முழுக்க அவன் என்ரை இடுப்பிலைதான். நான் செல்லம் குடுத்துப் பழுதாக்கிறனாம், இறக்கி விடுங்கோ, பொடியன் நடந்து பழகட்டும் எண்டு மனுசி பேசுறா. நான் இறக்கிறேல்லை.